அணி நிரலாக்கத்தில் வேகம்: கோர்களைக் கூட்டுவதற்கு முன் நினைவகப் பயணங்களை எண்ணுங்கள்

அரே எனப்படும் அணியின் எல்லா உறுப்புகளையும் ஒரே வரியில் கூட்டவும் பெருக்கவும் விடுகிற மொழிகள் நிரல் எழுதுவதைப் பெரிதும் சுருக்கிவிட்டன. கென்னத் ஐவர்சன் 1962-இல் நூலாக வெளியிட்ட குறியீட்டு முறையிலிருந்து ஏபிஎல் மொழி உருவானது. முழு அணியையும் ஒரே பொருளாகக் கையாளும் அந்த அணுகுமுறையைப் பின்னாளில் ஃபோர்ட்ரான் 90, பைதானின் அணி நூலகமான நம்பை, ஜூலியா போன்றவை தத்தம் வழியில் எடுத்துக்கொண்டன. இம்மொழிகளில் நாம் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறோம். எந்த உறுப்பை முதலில் கணக்கிட வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த வரிசை சொல்லப்படாமல் இருப்பதால்தான் வேலையைச் செயலியின் பல கோர்களுக்கு (தனித்தனியே கணக்கிடும் பகுதிகளுக்கு) பங்கிட்டுக் கொடுக்க இடம் கிடைக்கிறது. ஆனால் அதே சுருக்கம், தரவு எத்தனை முறை நினைவகத்திலிருந்து செயலிக்கு வந்து திரும்புகிறது என்பதையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்ற பழமொழி இன்றைய செயலிகளுக்கு அப்படியே பொருந்தும். பெரிய அணிகளில் கூட்டல், பெருக்கல் ஆகியவை மலிவு. எண்களை ஏற்றி இறக்குவதுதான் செலவு. ஆகவே நிரல் மெதுவாக ஓடுகிறது என்றவுடன் கோர்களைக் கூட்டத் தொடங்காமல், முதலில் ஒரு தாளில் இந்தச் சுமைகூலியைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

ஒரே ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தல்

ஒரு தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் எளிய நிரலை எடுத்துக்கொள்வோம். 8,000 வரிசைகளும் 8,000 நெடுவரிசைகளும் கொண்ட ஓர் அணியில் ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையும் இருக்கிறது. அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் தன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரியைப் பெறும். அணி மொழியில் இது “புதியது = 0.25 × (மேல் + கீழ் + இடம் + வலம்)” என்று ஒரே வரியில் முடிந்துவிடும், வலப்பக்கத்தில் உள்ள நான்கும் அதே அணியை ஓரிடம் நகர்த்திப் பார்க்கும் பார்வைகள்தாம். 6.4 கோடி உறுப்புகள், உறுப்புக்கு 8 பைட் என்பதால் அணியின் அளவு 512 எம்பி. எந்தச் சாதாரண கேஷிலும் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இது அடங்காது.

நம்பை இந்த வரியை எப்படி நிறைவேற்றும் என்று படிப்படியாகப் பார்ப்போம். மேலையும் கீழையும் கூட்டி ஒரு தற்காலிக அணியில் எழுதும். இரண்டும் ஒரே அணியின் இரு வரிசை தள்ளிய பார்வைகள் என்பதால், முதல் முறை படித்த வரிசை கேஷிலேயே இருக்கும். எனவே ஓர் அணியைப் படிப்பதும் ஓர் அணியை எழுதுவதுமாக இரண்டு பயணங்கள். அடுத்து, அந்தத் தற்காலிக அணியையும் இடப்பக்கப் பார்வையையும் படித்து விடையை எழுதும், மூன்று பயணங்கள். வலப்பக்கத்திற்கும் அப்படியே மூன்று. 0.25 ஆல் பெருக்க இரண்டு. கடைசியில், கிடைத்ததைப் புதிய அணியின் உட்பகுதிக்குப் பிரதியெடுக்க இரண்டு. மொத்தம் பன்னிரண்டு பயணங்கள், அதாவது ஏறத்தாழ 6.1 ஜிபி. உண்மையில் தேவைப்பட்டதோ பழைய அணியை ஒருமுறை படித்துப் புதிய அணியை ஒருமுறை எழுதும் இரண்டே பயணங்கள், சுமார் 1 ஜிபி. ஆறு மடங்கு செலவு.

நினைவகம் நொடிக்கு 25 ஜிபி தரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், இந்த ஒரு வரிக்குக் கால் நொடி ஆகும். கணக்கீட்டுச் செலவையும் அருகில் வைத்துப் பாருங்கள்: புள்ளிக்கு நான்கு செயல்கள் வீதம் 25.6 கோடி செயல்கள். 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே கோர், ஒரு சுழற்சிக்கு நான்கு எண்களைக் கூட்டுமானால், இதை 0.021 நொடியில் முடித்துவிடும். அந்தக் கால் நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கணக்குக்கு. மிச்ச நேரமெல்லாம் எண்கள் வந்து சேரக் காத்திருக்கும் நேரம். இந்த நிலையில் எட்டு கோர்களைக் கொண்டுவந்து நிறுத்தினால், எட்டும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கும்.

இந்தக் கணக்கை எல்லா வரிகளுக்கும் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேரம் முழுவதையும் விழுங்குகிற இரண்டு மூன்று வரிகளுக்குப் போட்டால் போதும். எதிர்ப்புறத்தில் மேட்ரிக்ஸ் பெருக்கல் நிற்கிறது: பக்கத்துக்கு ‘என்’ உறுப்புகள் உள்ள இரண்டு சதுர மேட்ரிக்ஸ்களைப் பெருக்க என் கனத்தின் இரு மடங்கு செயல்கள் தேவை, தரவோ என் வர்க்கத்தின் மூன்று மடங்குதான். கேஷில் வந்த ஒவ்வோர் எண்ணும் பலமுறை பயன்படுவதால் அங்கே கோர்களைக் கூட்டினால் வேகம் உண்மையாகவே கூடும். உங்கள் வரி இவ்விரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாமல் எந்தச் சீரமைப்பிலும் இறங்காதீர்கள். அணி சில ஆயிரம் உறுப்புகளே கொண்டதாக இருந்தால் இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு அழைப்புக்குமான நிலையான செலவுதான் நேரத்தைத் தின்னும்.

பேண்ட்விட்த்தை அளந்துகொள்ளுதல்

தாளில் போட்ட கணக்கைச் சரிபார்க்க, உங்கள் கணினியின் நினைவகம் நொடிக்கு உண்மையில் எவ்வளவு தருகிறது, அதாவது அதன் பேண்ட்விட்த் என்ன என்பது தெரிய வேண்டும். கேஷைவிடப் பல மடங்கு பெரிய ஓர் அணியை இன்னோர் அணிக்குப் பிரதியெடுத்து, நேரத்தைக் குறித்து, நகர்ந்த பைட்டுகளை அந்த நேரத்தால் வகுத்தால் போதும். பத்து முறை ஓட்டி மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. பின்னணியில் ஓடும் மற்ற வேலைகள் நேரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. பிறகு இதையே இரண்டு, நான்கு, எட்டு திரெட்களில் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளில்) செய்து பாருங்கள். எந்த எண்ணிக்கைக்குப் பிறகு வேகம் ஏறாமல் நின்றுவிடுகிறதோ, நினைவகத்தில் கட்டுண்ட வேலைகளுக்கு அதற்கு மேல் திரெட் கொடுப்பதில் பயனில்லை.

இந்த அளவீட்டில் நானே ஒருமுறை ஏமாந்தேன். ஜீரோஸ் செயற்கூறைக் கொண்டு பெரிய அணியை உருவாக்கி, அதன் கூட்டுத்தொகையைக் கணக்கிடும் நேரத்தை அளந்தபோது, அந்தக் கணினியின் நினைவகத்தால் கோட்பாட்டளவில்கூடத் தர முடியாத ஒரு வேகம் கிடைத்தது. அரை நாள் மகிழ்ச்சியாகவே இருந்தேன். லினக்ஸ் அப்படிப்பட்ட அணிக்கு உடனே உண்மையான நினைவகத்தை ஒதுக்குவதில்லை. எழுதப்படாத பக்கங்களை (நினைவகம் பங்கிடப்படும் சிறு துண்டுகளை) படிக்கும்போது சுழியங்கள் நிறைந்த ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. நான் அளந்தது கேஷின் வேகத்தை. அதனால், அளக்கத் தொடங்கும் முன் எல்லா அணிகளிலும் சுழியமல்லாத எண்களை ஒருமுறை எழுதிவிடுங்கள். ஓட்டத்தின்போது கம்பைல் செய்யும், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும், ஜூலியா, பைதான் நூலகங்களான நம்பா, ஜேக்ஸ் போன்றவற்றில் முதல் ஓட்டத்தின் நேரத்தை எப்போதும் ஒதுக்கிவிட வேண்டும். அதில் கம்பைலரின் நேரமும் கலந்திருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு கேஷ் வரியில் (கேஷுக்கு ஒரே தடவையில் வரும் 64 பைட் துண்டில்) எழுத வேண்டுமானால், பெரும்பாலான செயலிகள் அந்த 64 பைட்டையும் முதலில் நினைவகத்திலிருந்து படித்துக்கொண்டுதான் எழுதும். எனவே ஒவ்வொரு எழுதும் பயணத்துக்கும் மறைவாக ஒரு படிக்கும் பயணமும் சேரும். பிரதியெடுப்பதை அளக்கும்போதும் நிரலைக் கணக்கிடும்போதும் ஒரே முறையில் எண்ணினால் ஒப்பீடு பெரிதாகப் பிசகாது.

பயணங்களைக் குறைத்தல்

முதல் படி மிக எளிது. நம்பையின் கணிதச் செயற்கூறுகள் பெரும்பாலானவை ‘அவுட்’ என்ற அளபுருவை ஏற்கும். மேலையும் கீழையும் கூட்டி விடையை நேரே புதிய அணியில் எழுதச் சொல்லி, இடத்தையும் வலத்தையும் அதிலேயே கூட்டி, அங்கேயே 0.25 ஆல் பெருக்கினால், கடைசியில் பிரதியெடுக்கும் வேலை மறைந்து பயணங்கள் பத்தாகக் குறையும். தற்காலிக அணிகளுக்கு நினைவகம் ஒதுக்கி விடுவிக்கும் செலவும் போய்விடும். ஆயிரக்கணக்கான கட்டங்கள் ஓடும் நிரலில் இது நாம் நினைப்பதைவிடப் பெரிய தொகை.

உண்மையான ஆதாயம் அடுத்த படியில் இருக்கிறது. முழு அணியையும் ஒரே மூச்சில் செய்யாமல், நான்கு நான்கு வரிசைகளாகப் பட்டை பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் மேலே சொன்ன நான்கு செயல்களையும் முடித்துவிட்டு அடுத்த பட்டைக்குப் போகலாம். ஒரு வரிசை 64 கேபி; நான்கு வரிசைகளைக் கணக்கிட ஆறு வரிசைகள் படிக்க வேண்டும், அது 384 கேபி; எழுதும் பட்டை 256 கேபி. இரண்டும் சேர்ந்து 640 கேபி என்பதால், இரண்டாம் நிலை கேஷ் 1 எம்பி அளவுள்ள செயலியில் பட்டை முழுவதும் கேஷுக்குள்ளேயே தங்கும். இடைக்கூட்டல்கள் நினைவகத்துக்குப் போய்வருவதில்லை. மொத்தப் பயணங்கள் இரண்டை நெருங்கிவிடும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, 2,000 பட்டைகளுக்கு நான்கு வீதம் 8,000 அழைப்புகள். ஓர் அழைப்பின் நிலையான செலவு ஒரு மைக்ரோநொடி என்று கொண்டால் 8 மில்லிநொடி. முன்பு கால் நொடி ஆன இடத்தில் இது தாங்கக்கூடியதே. பட்டையை ஒரே வரிசையாகக் குறைத்தால் அழைப்புச் செலவு நான்கு மடங்காகும், நாற்பது வரிசையாக்கினால் கேஷை விட்டு வழியும். சரியான அளவை உங்கள் செயலியில் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

கையால் பட்டை பிரிப்பது நிரலின் அழகைக் கெடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வேலையைக் கம்பைலரிடம் ஒப்படைப்பதே அணி மொழிகளின் நீண்டகால இலக்கு. ஜூலியாவில் புள்ளி வைத்து எழுதப்படும் செயல்கள் அனைத்தும் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கடக்கும் ஒரே லூப்பாக இணைக்கப்படும் என்பது அந்த மொழியின் உறுதிமொழி. எனவே நமது வரியில் எல்லாச் செயல்களுக்கும் புள்ளி வைத்தால் தற்காலிக அணியே தோன்றாது. ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது: நம்பையில் துண்டு எடுப்பது வெறும் பார்வை, ஜூலியாவிலோ வலப்பக்கத்தில் துண்டு எடுத்தால் பிரதி உருவாகும். ‘வியூஸ்’ என்று குறிப்பிடாவிட்டால், செயல்களை இணைத்ததில் கிடைத்த ஆதாயத்தை நான்கு பிரதிகள் விழுங்கிவிடும். பைதானிலேயே தங்க விரும்புவோர் நம்பாவில் வெளிப்படையாக இரட்டை லூப் எழுதலாம். “பைதானில் லூப் எழுதாதே” என்று பழகிய கைக்கு இது கூசும், ஆயினும் கம்பைல் ஆகும் லூப்புக்கு அந்த விதி பொருந்தாது. ஜேக்ஸ், அணி மொழியான ஃபியூதார்க் போன்றவை அணிச் செயல்களைக் கம்பைலர் மட்டத்திலேயே இணைக்கின்றன.

எண்ணின் அகலத்தைக் குறைப்பதும் பயணத்தைக் குறைப்பதற்குச் சமம். 8 பைட்டுக்குப் பதில் 4 பைட் மிதவை எண்களை (தசமப் புள்ளி கொண்ட எண்களை) பயன்படுத்தினால், நினைவகத்தில் கட்டுண்ட வேலை ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும். ஆனால் 4 பைட் எண்ணின் துல்லியம் 24 பிட் மட்டுமே. கூட்டுத்தொகை 1,67,77,216 ஐ எட்டிய பிறகு அதனுடன் 1 ஐக் கூட்டினால் தொகை மாறாமல் அப்படியே நிற்கும். தரவை 4 பைட்டில் வைத்துக்கொண்டு, கூட்டுத்தொகையை மட்டும் 8 பைட்டில் சேர்ப்பது பெரும்பாலும் பாதுகாப்பான நடுவழி.

நடக்கும் திசை

நம்பையில் இயல்பாக உருவாகும் அணியில் வரிசையின் உறுப்புகள் அடுத்தடுத்து இருக்கும். ஃபோர்ட்ரான், ஜூலியா, மேட்லேப் ஆகியவற்றில் நெடுவரிசையின் உறுப்புகள் அடுத்தடுத்து இருக்கும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு லூப் எழுதினால், நமது அணியில் ஒவ்வோர் அடியும் 64,000 பைட் தாண்டும். கேஷுக்கு வரும் 64 பைட்டில் 8 பைட்டை மட்டும் தொட்டுவிட்டு மிச்சத்தை வீசுவோம். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை வரிக்கு வரி மாற்றி எழுதும்போது இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. விடை சரியாகவே வருவதால் யாரும் கவனிப்பதில்லை. அணியின் பக்கம் 8,192 போன்ற இரண்டின் அடுக்காக இருந்தால் இன்னும் மோசம்: நெடுவரிசை வழியே நடக்கும்போது தொடும் உறுப்புகள் கேஷின் ஒரே சில இடங்களுக்குப் போட்டியிட்டு ஒன்றையொன்று வெளியேற்றும். வரிசையின் முடிவில் சில வெற்று உறுப்புகளைச் சேர்த்து நீளத்தை 8,200 ஆக்கினால் இந்த மோதல் தீர்ந்துவிடும்.

இப்போது கோர்கள்

பயணங்கள் குறைந்த பிறகுதான் திரெட்களுக்கு வேலை கொடுப்பதில் பொருள் உண்டு. நமது பட்டைகள் இதற்கு இயல்பாகவே ஏற்றவை. ஒவ்வொரு பட்டையும் பழைய அணியைப் படிக்க மட்டும் செய்து, புதிய அணியில் தனக்குரிய இடத்தில் மட்டும் எழுதுவதால் எந்த இரண்டு திரெட்டும் மோதாது. எண் அணிகளில் கணக்கிடும்போது நம்பை, ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் பைதானின் பொதுப் பூட்டை விட்டுவிடுகிறது. எனவே சாதாரணப் பைதான் திரெட்களே இங்கே உண்மையாக இணையாக ஓடும். இட மிச்சத்துக்காகப் பழைய அணியிலேயே விடையை எழுத முயன்றால், ஒரு திரெட் மாற்றிய மதிப்பை இன்னொன்று படிக்கும். விடை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அது வேறு வழிமுறை, அதற்கு வேறு ஒழுங்கு வேண்டும்.

திரெட்களின் எண்ணிக்கையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 16 கோர்கள் உள்ள கணினியில் நீங்கள் 16 செயல்முறைகளைத் தொடங்க, ஒவ்வொன்றுக்குள்ளும் மேட்ரிக்ஸ் நூலகம் தானாகவே 16 திரெட்களைத் தொடங்கினால், 256 திரெட்கள் 16 கோர்களுக்கு முட்டிக்கொள்ளும். திரெட் எண்ணிக்கையைக் குறிக்கும் ‘ஓஎம்பி நம் திரெட்ஸ்’ (OMP_NUM_THREADS) என்ற சூழல் மாறியை, நூலகம் ஏற்றப்படும் முன்பே 1 என்று அமைப்பது பல நேரங்களில் இதைத் தீர்த்துவிடும். “இணையாக்கினேன், முன்பைவிட மெதுவாகிவிட்டது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இரண்டு செயலிகள் பொருத்திய சர்வர்களில் இன்னொரு விதி சேர்ந்துகொள்கிறது. ஒரு நினைவகப் பக்கத்தில் எந்தத் திரெட் முதலில் எழுதுகிறதோ, அது ஓடும் செயலியின் பக்கத்து நினைவகத்தில்தான் லினக்ஸ் அப்பக்கத்தை வழக்கமாக ஒதுக்கும். தொடக்க மதிப்புகளை ஒரே திரெட் நிரப்பினால் அணி முழுவதும் ஒரு செயலியின் பக்கம் குவிந்துவிடும். மற்றொரு செயலியின் கோர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கும். கணக்கிடும்போது எப்படிப் பங்கிடுகிறீர்களோ, அதே பங்கீட்டில் தொடக்க மதிப்புகளையும் நிரப்புங்கள்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இல் சுட்டிக்காட்டிய வரம்பையும் மறக்க இயலாது. நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, கோப்பைப் படிப்பது போன்ற பிரிக்க முடியாத வேலையாக இருந்தால், 16 கோர்களில் கிடைக்கும் வேகம் 6.4 மடங்கு மட்டுமே; எத்தனை கோர் வைத்தாலும் 10 மடங்கைத் தாண்டாது.

ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைச் சார்ந்திருக்கும் வேலைகள்கூட எப்போதும் கைவிடப்பட வேண்டியவை அல்ல. ஓடும் கூட்டுத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்: அணியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு திரெட்டும் தன் துண்டின் மொத்தத்தைக் கண்டு, அந்தச் சில மொத்தங்களுக்கு ஓடும் கூட்டுத்தொகை போட்டு, பிறகு ஒவ்வொரு திரெட்டும் தனக்கு முன்னுள்ள தொகையிலிருந்து தொடங்கித் தன் துண்டை முடிக்கலாம். தரவை இருமுறை படிக்க நேர்வதால் இரண்டு கோர்களில் இதனால் பெரிய பயனில்லை. எட்டு, பதினாறு என்று போகும்போதுதான் பலன் தெரியும். செயல் சேர்ப்பு விதிக்கு (எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை மாறாது என்ற விதிக்கு) உட்பட்டிருப்பது ஒன்றே இதற்கு நிபந்தனை. மிதவை எண்களின் கூட்டல் அந்த விதியைச் சரியாகப் பின்பற்றாததால், திரெட் எண்ணிக்கையை மாற்றும்போது விடையின் கடைசி இலக்கங்கள் மாறுவது பிழையல்ல. சோதனைகளில் சமமா என்று கேட்காமல், ஒரு சிறு விலக்கத்துக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஜிபியுவுக்கு அனுப்பும் முன்

ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலியின் சொந்த நினைவகம் மிக வேகமானது, ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி குறுகலானது. ஜிபியுவைக் கணினியுடன் இணைக்கும் நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் 16 தட இணைப்பின் கோட்பாட்டு வேகம் ஒரு திசைக்கு நொடிக்கு ஏறத்தாழ 32 ஜிபி. நமது 512 எம்பி அணி அந்தப் பக்கம் போக 16 மில்லிநொடி, திரும்பி வர 16 மில்லிநொடி. பட்டை பிரித்த நிரலுக்கு ஒரு கட்டத்தின் நினைவகச் செலவே சுமார் 40 மில்லிநொடிதான் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் அனுப்பித் திரும்பப் பெறும் நிரல் பெரும்பகுதி நேரத்தை வழியிலேயே கழிக்கும். ஆயிரம் கட்டங்களையும் அங்கேயே ஓட்டி, முடிவை மட்டும் வாங்கிக்கொண்டால் அந்த 32 மில்லிநொடி கணக்கிலேயே தெரியாது. ஆகவே இடையில் படம் வரையவோ மதிப்பை அச்சிடவோ எழுதிய வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் முழு அணியையும் அமைதியாக இழுத்து வந்துகொண்டிருக்கக்கூடும்.

அங்கே நேரத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். ஜிபியுவுக்குக் கொடுக்கும் கட்டளைகள் வரிசையில் சேர்க்கப்பட்டவுடனே நம் நிரலுக்குக் கட்டுப்பாடு திரும்பிவிடுகிறது. வேலை பின்னால் நடந்துகொண்டிருக்கும். கடிகாரத்தை நிறுத்தும் முன் வேலை முடியும்வரை காத்திருக்கும் கட்டளையை, ஜேக்ஸில் ‘பிளாக் அன்டில் ரெடி’, என்விடியாவின் கூடா தளத்தில் ‘சிங்க்ரனைஸ்’, சேர்த்துக்கொள்ளாவிட்டால், கட்டளை கொடுத்த நேரத்தை மட்டும் அளந்துவிட்டு ஆயிரம் மடங்கு வேகம் என்று எழுதி வைப்போம்.